சிம்மக்கல்லில் வாங்கிய கேட்

அன்பு மகள் பாண்டிமீனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி செல்வக்குமார் வீட்டாரும் சுகமாக இருக்கிறோம், அங்கே பெல்ஜியத்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று மீனாட்சியை வேண்டிக்கொள்கிறேன். தம்பி மகனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து இப்போது தேவலை, கன்னத்தில் பூசிய மஞ்சளைக்கூட இன்னும் கழுவ விடமாட்டேன் என்கிறான். செவ்வாய்க்கிழமை நீ போனைப் பாதியில் வைத்தது எனக்கு வருத்தம்தான், ஆனால் உன்மேல் கோபம் இல்லை, இருக்கிற கோபத்தை எல்லாம் வேறு ஒருவனுக்காகச் சேர்த்து வைத்திருக்கிறேன், அதில் உனக்குப் பங்கு கிடையாது. போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நான்கு சொல்கிறாய், அதனால்தான் எழுதுகிறேன், தம்பி இதைப் படம் பிடித்து அனுப்புவான், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

நீ சொன்னது எனக்கு விளங்காமல் இல்லை. உங்கள் ஆபீஸ் நடத்துகிற கார் ரேலி இதுவரை போகாத நாடுகளுக்கு எல்லாம் போகப் போகிறது, இந்தியாவுக்குக் கொண்டு வருகிற பொறுப்பு உன் தலையில், ஊர்களைப் பார்த்துப் பார்த்து மதுரைப் பக்கத்தைச் சொன்னதே நீதான், நாகமலை அடிவாரத்து மண் பாதைதான் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது, இந்த மாதத்துக்குள் பாதை முடிவாகவில்லை என்றால் வேறு நாட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள், உன் வேலையும் அதோடு ஆட்டம் காணும். எல்லாம் சரி. ஆனால் நீ, "ஒரே ஒரு பொம்பள கேட்டப் பூட்டிட்டு நிக்கிதுன்னு ரிப்போர்ட் வருது, யாருன்னு பாத்தா எங்க அம்மா" என்று சொன்னதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, சிரித்ததற்குத்தான் நீ போனை வைத்தாய் என்று தம்பி சொன்னான்.

நான் ஏன் பூட்டினேன் என்று உனக்குப் பாதிதான் தெரியும். உன் அப்பா இறந்த மூன்றாம் நாள்தான் நீ வந்து சேர்ந்தாய், விமானம் கிடைக்காததற்கு நீ என்ன செய்வாய், அழுது ஓய்ந்து வந்தவளிடம் எல்லாவற்றையும் கொட்ட எங்களுக்கு மனசு வரவில்லை. தார் ரோட்டிலிருந்து நம் தோட்டத்துக்கு வருகிற பாதையை நல்லகாமன் கேட் போட்டு மறித்தான், அப்பாவின் உடலைக் கொண்டு போகக்கூடத் திறக்கவில்லை என்று மட்டும் சொன்னோம். அப்பாவுக்குச் சொந்தச் சித்தப்பா மகன், உனக்குச் சித்தப்பா முறை, அந்த முறையைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை. வாய்க்கால் தண்ணீருக்கு வந்த சண்டையில் போட்ட கேட் அது. ஐப்பசி அடைமழை. பெரிய மனிதர்கள் போய்க் கேட்டபோது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஒரு நாளைக்குத்தான, கம்மாக் கரை வழியா சுத்திக் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தான். கண்மாய்க் கரை அன்றைக்குக் களிமண்ணாய்க் குழைந்து கிடந்தது. தூக்கிப் போனவர்களில் ஒருவன் வழுக்கி விழுந்து, பாதி வழியில் இறக்கி வைக்கக் கூடாத பாடையை இறக்கி வைத்துவிட்டார்கள். கரைச் சரிவில், புளியமரத்தடியில், சேற்றில். மழை அவர் முகத்தில் அடிக்கிறது, நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கரையை ஒட்டி வயல் வைத்திருக்கிற நம் காளை மாமாதான் ஓடி வந்து தன் வயல் வேலியைப் பிய்த்து எறிந்து, கதிர் வாங்கிய நெல்லை மிதித்துக்கொண்டு போகச் சொன்னார். கருமாதி முடிந்த மறுநாள் நான் அழகர்கோவிலுக்குப் போய்ப் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் நின்று நல்லகாமன் பெயரைச் சொல்லி, இந்தக் கணக்கை நீயே கேள் என்று முறையிட்டுவிட்டு வந்தேன். தம்பிக்குக்கூடத் தெரியாது. இப்போது இதைப் படம் பிடிக்கும்போது தெரிந்துகொள்வான்.

இப்போது நடந்ததைக் கேள். உங்கள் பந்தயத்துக்கு இந்த ஊரில் எல்லாம் பார்த்துச் செய்கிற ஆளாக நல்லகாமன் எப்படியோ நுழைந்துவிட்டான். பாதை ஓரத்து அவன் நிலம் முழுக்க ஜனம் உட்காரப் படிவரிசை, கார் நிறுத்த இடம், சாப்பாட்டுக் கடை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அதுகூடப் போகட்டும், பாதையை அளக்கிற வண்டி வருகிறது என்றதும் ஆளைக் கூட்டி வந்து கேஸ் வெல்டிங் வைத்து அந்தக் கேட்டை அவனே அறுத்து எடுத்தான். கூடப் பிறந்தவன் போல வளர்ந்தவனின் பிணத்துக்குத் திறக்காத கேட், ஊர் பேர் தெரியாத ஒரு காருக்கு வேரோடு பிடுங்கப்பட்டது. கேட்டை ஏற்றிப் போன வண்டிக்காரனிடம் விசாரித்தேன், சிம்மக்கல் பழைய இரும்புக் கடையில் போட்டதாகச் சொன்னான். மறுநாள் தம்பியை லீவு போடச் சொல்லி அழைத்துக்கொண்டு போனேன், பச்சைப் பெயிண்ட் உரிந்த அதே கேட் சுவரில் சாய்ந்து நின்றது. கடைக்காரர், "இத விட நல்ல கேட்டு உள்ள கெடக்கும்மா" என்றார். எனக்கு இதுதான் வேண்டும் என்றேன். கொண்டு வந்து பாதை நம் நிலத்துக்குள் நுழைகிற இடத்தில் தூண் எழுப்பி மாட்டிப் பூட்டிவிட்டேன். மலையடிவாரத்துக்கு நம் நிலத்தைத் தாண்டித்தானே போக வேண்டும்.

நீ போனை வைத்த மறுநாள் உங்கள் ஆபீஸ் ஆள் வந்தார், நெட்டையாக, வெயிலில் மூக்குச் சிவந்து போன வெள்ளைக்காரர், கூடவே தமிழ் பேச மெட்ராஸ் பையன் ஒருவன். உன் அம்மா என்று தெரிந்து கும்பிட்டார், மோர் கொடுத்தேன், இரண்டு டம்ளர் குடித்தார், சாவி மட்டும் கொடுக்கவில்லை. காரணம் கேட்டார். சொன்னேன். அந்தப் பையன் அதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னான். வெள்ளைக்காரர் அந்தக் கண்மாய்க் கரை எங்கே என்று கேட்டார். காட்டினேன். இப்போது கண்மாய் காய்ந்து கரை இறுகிக் கிடக்கிறது, ஜீப்பை எடுத்துக்கொண்டு போனவர் காளை மாமா வயல் வரைக்கும் போய் அடிவாரத்தில் ஏறித் திரும்பி வந்தார், தலையெல்லாம் செம்புழுதி, முகமெல்லாம் சிரிப்பு. இந்த வளைவும் மேடும்தான் ஓட்டுகிறவர்களுக்குப் பிடிக்கும் என்றாராம். கண்மாய் அரசாங்கத்துடையது, அனுமதி வாங்கிக்கொள்ளலாம், ஜனம் நிற்க மாமாவின் தரிசு போதும், இரண்டு பாதையையும் உனக்கு எழுதி அனுப்புவதாகவும் முடிவு உன் கையில் என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஆக உன் பந்தயத்துக்கும் பழுதில்லை, உன் வேலைக்கும் பழுதில்லை, நல்லகாமன் நிலத்துப் பக்கம் ஒரு ஈ கூட வராது.

அது அவன் காதுக்குப் போய்விட்டது. நேற்றுச் சாயங்காலம் தட்டில் ஆப்பிளும் ஆரஞ்சுமாக அடுக்கிக்கொண்டு வந்து நின்றான். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். இந்த நாளுக்காக எத்தனை ராத்திரி என்ன என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா. அவன் கையைக் கூப்பி, "மதினி, ஒரு நாளைக்குத்தான, தொறந்து விடுங்க, கையில இருந்த காசு அம்புட்டையும் நிலத்துல போட்டுட்டேன்" என்கிறான். ஒரு நாளைக்குத்தான என்கிறான். அதே வாய், அதே வார்த்தை, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. உற்றுப் பார்த்தேன் மீனா, நடிப்பில்லை, அவனுக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. நான் தினமும் அந்த வார்த்தையோடு எழுந்து அந்த வார்த்தையோடு படுக்கிறேன், சொன்னவன் அன்றைக்கே காப்பியோடு முழுங்கிவிட்டு மறந்துவிட்டான். தட்டை எடுத்துக்கொண்டு போ என்று மட்டும் சொன்னேன். அவன் நஷ்டப்பட்டால் என் மனசு ஆறும் என்று நினைத்திருந்தேன், ஆறவில்லை. மறந்து போனவன் நஷ்டப்பட்டு என்ன பிரயோஜனம், அதைக் கெட்ட நேரம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். முதலில் அவனுக்கு ஞாபகம் வர வேண்டும்.

அதனால் இரண்டு காரியம் சொல்கிறேன், மகளாகச் செய்வாயோ ஆபீசராகச் செய்வாயோ, செய். கண்மாய்க் கரைப் பாதைக்குக் கையெழுத்துப் போடு, இது ஒன்று. மாசியில் பந்தயம் நடக்கும்போது பெரிய மனிதர்களுக்கு அழைப்பு அனுப்புவீர்களாமே, அதில் ஒன்றை நல்லகாமன் பெயருக்கு அனுப்பு. அவன் வருவான், மரியாதை என்றால் முதல் ஆளாக வருவான். கரையில் புளியமரத்தடி இப்போது மேடாக, காய்ந்து, நல்ல நிழலாக இருக்கிறது, கார் வராத பக்கம், ஆபத்தில்லை என்று உங்கள் ஆளே சொன்னார். அழகர்கோவிலுக்கு நீ வந்ததும் சேர்ந்து போவோம், கருப்புக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே, ராத்திரி வெகுநேரம் கம்ப்யூட்டர் பார்க்காதே, மாப்பிள்ளைக்கு இந்தக் கதையை எல்லாம் சொல்லி மிரட்டி வைக்காதே. நீயும் அவரும் நூறு வருஷம் குறையில்லாமல் இருக்க வேண்டும், எடுத்த காரியம் ஜெயிக்க வேண்டும்.

முதல் கார் கிளம்பியதிலிருந்து கடைசிக் கார் போகிற வரைக்கும் யாரும் இடத்தை விட்டு எழுந்து போகக் கூடாதாம், அது உங்கள் சட்டமாம். அந்தப் புளியமரத்தடியில் அவனுக்கு ஒரு நாற்காலி போடச் சொல். பக்கத்து நாற்காலி எனக்கு.

இப்படிக்கு
உன் அம்மா
ஜெயக்கொடி மனைவி தமிழ்ச்செல்வி