ஊதுபத்தி ஏற்றாத படம்

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டால்தான் உங்களுக்குக் காது கேட்கும். நீங்கள் போன பிறகு உங்கள் படத்தைத் தன் அறையில் மாட்டச் சொன்னான் பிரவீன். தினமும் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு ஊதுபத்தி ஏற்றினான். படத்தை அவனே துடைப்பான், என்னைத் தொட விட்டதில்லை. பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு அப்பாமேல் எவ்வளவு பாசம் என்று மஞ்சக்குப்பம் முழுக்கச் சொல்லிப் பூரித்தேன்.

கண் சிவந்து வந்தான். அழுதிருப்பான் என்று நினைத்தேன். பையில் கண் சொட்டு மருந்து இருந்தது. நேரங்கெட்ட நேரத்தில் பசிக்கிறது என்றான். தோசை தோசையாகச் சுட்டுப் போட்டேன். மைதானத்துக்குப் போவதை விட்டான், கூட விளையாடிய பையன்களையும் விட்டான். எல்லாவற்றுக்கும் உங்கள் சாவையே காரணமாக வைத்துக்கொண்டேன். எவ்வளவு வசதியான காரணம், சீ!

நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த என் தம்பி அந்த அறையில் ஒரு நிமிஷம்தான் நின்றான்.

"அக்கா, இது ஊதுபத்தி வாசன மட்டும் இல்ல. கஞ்சா நாத்தமும் அடிக்குது."

"அப்பன் இல்லாத புள்ள மேல அபாண்டமா சொல்ற? கெளம்புடா."

சாப்பிடாமலே போய்விட்டான்.

போன வாரம் உங்கள் தலைத் திவசம். மாலை போடப் படத்தைக் கழற்றினேன். சட்டத்தின் பின்னால் டேப் போட்டு ஒட்டியிருந்தது பொட்டலம். உங்கள் முதுகில்! பிய்த்துப் பிரவீன் முன்னால் எறிந்தேன்.

"அங்க நீ கை வெக்க மாட்டன்னு தெரியும்மா" என்றான், தரையைப் பார்த்தபடி.

பிள்ளைகளுக்கு இதை விற்கிறவன் முகத்தில் காறித் துப்ப வேண்டும். அதைவிட அருவருப்பு என்மேல்தான். மாவு புளித்தால் வாசலிலேயே கண்டுபிடிக்கிற மூக்கு, பெற்ற பிள்ளையிடம் எங்கே போனது?

தம்பிக்குப் போன் போட்டு அழுதேன். எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் ஓடி வந்தான். மூன்று பேரும் பஸ் ஏறிச் சிதம்பரத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். ஒரு நாளில் சரியாகாது, விடாமல் அழைத்து வாருங்கள் என்றார். திரும்பும்போது பிரவீன் என் தோளில் சாய்ந்து தூங்கினான். நிஜத் தூக்கமா, நடிப்பா? இனி எதை நம்புவேன், சொல்லுங்கள்.

வெளியே சொல்லாதே என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பூரிப்பைத் தெருவெல்லாம் சொன்னவள், இதையும் சொல்லப்போகிறேன். தெருக்காரர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உங்கள் படத்தைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். பூ வைக்கிறேன். ஊதுபத்தி மட்டும் ஏற்றுவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வீட்டில் இனி என்ன நாறினாலும் முதலில் என் மூக்குக்குத் தெரியும். இது உங்கள்மேல் சத்தியம்.

பிரவீனின் அம்மாவும்
உங்கள் மனைவியுமான
கலா