உன் இஷ்டம் என்று சொன்ன பிறகு

ஞாயிறு, மத்தியானம்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

இங்கே நான், மகள், உன் அப்பா மூவரும் நலம். உன் கால் வீக்கம் வடிந்ததா என்பதை முதல் வரியிலேயே எழுது. போன கடிதத்தில் அதைக் கடைசியில், ஓரத்தில் இடுக்கி எழுதியிருந்தாய்.

காலையில்தானே பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். பேசியது சரியில்லை, அதனால்தான். நீ நர்ஸாக இருக்கிற ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், வார்டுப் பொறுப்பும் தருகிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டாய். நான் "உன் இஷ்டம்" என்றேன். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. உன் பின்னால் யாரோ டிராலி தள்ளிக்கொண்டு போன சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. போனில் எனக்கு வாய் முந்திக்கொள்கிறது. பேனா பிடித்தால் கொஞ்சம் நிதானம் வருமா என்று பார்க்கிறேன்.

முதலில் வீட்டு நிலவரம். வாஷிங் மெஷின் மறுபடியும் குதிக்கிறது. துணி பிழியும்போது குளியலறையை விட்டுக் கிளம்பிக் கூடத்துக்கு வரப் பார்க்கிறது. நானும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்கிறோம். மெக்கானிக், இதோ கிளம்பிவிட்டேன் சார் என்று சொல்லி இன்றோடு பதினோரு நாள். எந்தக் கண்டத்திலிருந்து கிளம்பினாரோ தெரியவில்லை. உன் அப்பா டிவியில் வைக்கிற சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் தன் டிவியை அணைத்துவிட்டு நம் வீட்டுச் செய்தியையே கேட்டுக்கொள்கிறார். காது மெஷினைப் போட்டுக்கொள்ளுங்கள் மாமா என்றால், குளிருக்கு அது காதுக்குள் சில்லென்று இருக்கிறதாம். மகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள். படிக்கிறாயா என்று கேட்டால், கேட்காமல் இருந்தால் படிப்பேன் என்கிறாள்.

அலுவலகம் அதைவிட மோசம். இருபத்திரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் தண்ணீர்க் குழாய் வரைந்த டிராஃப்ட்ஸ்மேனைப் புகார் பிரிவில் டெலிபோன் முன்னால் உட்கார வைத்தார்கள் இல்லையா, இந்தக் குளிரில் தெருவுக்குத் தெரு குழாய் விரிசல் விடுகிறது, அத்தனை பேரும் என்னைத்தான் திட்டுகிறார்கள். தண்ணீர் வரவில்லை என்றால் நியாயம். ஒரு அம்மாள் தினமும் பத்து மணிக்குக் கூப்பிட்டு, தண்ணீர் ரொம்பச் சில்லென்று வருகிறது, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்கிறார்.

மூன்று வாரத்துக்கு முன் ஒருவரிடம், நானே நேரில் வந்து குழாயை வாயால் அடைத்துக்கொண்டு நிற்கவா என்று கேட்டுவிட்டேன். ஹாலே திரும்பிப் பார்த்தது. எங்கள் மேலதிகாரி அம்மா எழுந்து வந்து ரிசீவரை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். "ஒரு அரை மணி நேரம் வெளிய நடந்துட்டு வாங்க சார், போன் உடையறதுக்குள்ள" என்றார்.

அன்றைக்குப் போனதுதான். இப்போது தினமும் காலையில், சனிக்கிழமை இன்னும் அதிக நேரம், கால்வாய்க் கரையில் நடக்கிறேன். மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு கிளம்பினால் முதல் பத்து நிமிஷம் மூக்கு நுனி இருக்கிறதா என்றே தெரியாது. நீரேற்று நிலையம் தாண்டியதும் உடம்பு சூடாகிவிடும். வாயிலிருந்து புகை வருகிறது. பள்ளிக்கூடப் பையன்போல ஊதிக்கொண்டே போகிறேன். பார்க்க ஆள் இல்லை. புல்லெல்லாம் உப்புத் தூவினதுபோல வெளுத்திருக்கும். வெயில் பட்ட இடம் மட்டும் மெல்ல ஈரமாகிப் பச்சைக்குத் திரும்பும். அந்த வேளையில் எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. அலுவலக வாசல்படி ஏறியதும் வந்துவிடுகிறது.

இன்னொன்று, சிரிக்காதே. வரைகிறேன். மகளின் பழைய வாட்டர்கலர் பெட்டி, கரண்டிகள் இருக்கும் டிராயரில் கிடைத்தது. மஞ்சளும் சிவப்பும் தீர்ந்துபோய், நீலமும் பழுப்பும் மட்டும் மிச்சம். குளிர்காலத்துக்கு அது போதும். கரைச் சுவரில் உட்கார்ந்து எதிரே இருக்கிற மரங்களைப் போடுகிறேன். கை பழக்கம் போகவில்லை. ஸ்கேல் இல்லாமலே கோடு நேராகப் போகிறது. மகள் பார்த்துவிட்டு, "அப்பா, உன் மரமெல்லாம் பைப்பு மாதிரியே இருக்கு. வால்வு மட்டும்தான் பாக்கி" என்றாள். கோபம் வந்தது. பார்த்தால் உண்மைதான்.

நீ கேட்டதற்கு இன்னும் பதில் எழுதவில்லை என்று எனக்கும் தெரிகிறது. தாளும் முடிகிறது. மின்சாரக்காரர் வேறு வாசலில் நின்று மீட்டர் பெட்டிச் சாவி கேட்கிறார். காலுக்குத் தலையணை வைத்துப் படு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

*

திங்கள், அலுவலகத்திலிருந்து

அன்புள்ளவளுக்கு,

உன் அப்பா குளியலறையில் வழுக்கி விழவில்லை. எட்டு நாளைக்கு முன், மூவரும் நலம் என்று நான் எழுதின அந்த ஞாயிறு சாயங்காலம், அவர் உன்னிடம் போனில் சொன்னது பொய். என்னைக் காப்பாற்றச் சொன்னது. ஒன்பது நாளாக இதைச் சுமந்துகொண்டு திரிகிறேன். இனிமேல் முடியாது.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, அவருக்குக் கண் பரிசோதனை. காலை ஒன்பதுக்குக் கொண்டுபோய் விட்டேன். கண்ணில் மருந்து விட்டுப் பார்க்க வேண்டும், முடிந்தபின் நாலைந்து மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், பத்தரைக்கு வந்து அழைத்துப் போங்கள் என்றார்கள். ஒன்றரை மணி நேரம் கிடைத்ததே என்று கால்வாய்க்குப் போனேன். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் புகார் மேல் புகாராக வந்துகொண்டிருந்தது. போனின் சத்தத்தை அமுக்கிப் பைக்குள் போட்டேன்.

அன்றைக்கு நடைபாலத்தின் நிழல் வெளுத்த புல்மேல் விழுந்திருந்தது. நிழல் கறுப்பு என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். நீலமாக இருந்தது. தூரிகையில் தண்ணீர் அதிகமாகி நிறம் தன்பாட்டில் ஓடியது. நான் தடுக்கவில்லை. மரம் முதல் தடவையாக மரம்போல வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன், அவ்வளவு நேரமும் நான் யாரையும் நினைக்கவில்லை. மாமாவை, மகளை, உன்னை, யாரையும். சந்தோஷமாக இருந்தேன்.

மகளிடம் காட்டலாம் என்று ஈரத்தாளை ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. அப்போதுதான் போனை எடுத்தேன். பதினேழு அழைப்புகள். மணி பன்னிரண்டரை.

உன் அப்பா முக்கால் மணி நேரம் பெஞ்சில் காத்திருக்கிறார். பிறகு, மாப்பிள்ளைக்கு என்ன வேலையோ, நானே பஸ் பிடித்துக்கொள்கிறேன் என்று எழுந்திருக்கிறார். வாசலில் இருந்த ஒற்றைப் படி அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கீழே கை ஊன்றியதில் வலது மணிக்கட்டில் விரிசல். காவலாளி தூக்கி உட்கார வைத்து, அவர் சட்டைப் பையில் இருந்த சீட்டைப் பார்த்து நம் மகளைக் கூப்பிட்டிருக்கிறார். அவள் ஸ்வெட்டர்கூடப் போடாமல் ஓடியிருக்கிறாள். மாவுக்கட்டு போட வைத்தது, கையெழுத்துப் போட்டது எல்லாம் அவள்தான். பதினாறு வயசு.

நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் நடைவழியில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் என்னைப் பார்க்காமல் எழுந்து மருந்து வாங்கப் போனாள். உன் அப்பா என் கையைப் பிடித்து, "அவகிட்ட பாத்ரூம்ல வழுக்கிடுச்சுன்னு சொல்லிக்கிறேன். நீங்க மாத்திச் சொல்லாதீங்க மாப்பிள்ளை. தூரத்துல இருக்கிறவ, பாவம்" என்றார். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அன்றைக்கே உனக்குச் சொல்லியிருப்பேன்.

போன கடிதத்தைத் தபாலில் போட்டதும் வர்ணப் பெட்டியைத் தூக்கி அலமாரிக்கு மேல் போட்டேன். நடையையும் நிறுத்தினேன். தண்டனை எனக்குத்தான் என்று நினைத்தேன், ஆனால் அனுபவித்தது மற்றவர்கள். சில்லென்று தண்ணீர் வருகிற அம்மாளிடம் கத்தினேன். மாடி வீட்டுக்காரரிடம் செருப்பு விடுகிற இடத்துக்காகச் சண்டை போட்டேன். நாள் கணக்கில் காத்திருந்த அந்த மெக்கானிக் வெள்ளிக்கிழமை நிஜமாகவே வந்து நின்றார். இப்போதுதான் வழி தெரிந்ததா என்று ஆரம்பித்து நான் போட்ட போடில், பையைத் திறக்காமலே திரும்பிப் போய்விட்டார்.

அவர் போனதும் மகள் அறையை விட்டு வெளியே வந்தாள். ஒரு வாரமாக என்னோடு பேசாதவள் சொன்னாள்: "நீ நடக்கப் போனப்பதான்ப்பா இந்த வீட்ல எல்லாரும் நல்லா இருந்தோம். தாத்தாவை மறந்ததுதான் தப்பு. நடந்ததுல என்ன தப்பு?"

மறுநாள் காலை ஏழு மணிக்கு உன் அப்பா மாவுக்கட்டு மேல் என் பழைய காலுறை ஒன்றை மாட்டிக்கொண்டு, குரங்குக் குல்லாயும் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். டாக்டர் கையைத்தான் அசைக்கக் கூடாது என்றார், காலை இல்லையே என்கிறார். இரண்டு பேருமாகப் போனோம். மெதுவாகத்தான். பாதி வழியில், அவள் உங்களிடம் ஏதோ கேட்டாளாமே, என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் குல்லாயைக் காதுக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டார். அப்புறம், வார்டுப் பொறுப்பு என்று சொல்லும்போது அவள் குரலே மாறிவிடுகிறது, கவனித்தீர்களா என்றார். காது கேட்காத மனுஷருக்கு அது கேட்டிருக்கிறது.

எனக்கும் கேட்டது. அதனால்தான் அன்றைக்கு அப்படிப் பதில் சொன்னேன்.

இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். நீ கையெழுத்துப் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. வாஷிங் மெஷின், டெலிபோன், டிவி என்று எதையெதையோ திட்டிக்கொண்டிருக்கிறேன், அவற்றுக்கும் என் கோபத்துக்கும் சம்பந்தம் இல்லை. நீ இங்கே இல்லை, அவ்வளவுதான் விஷயம். அதே சமயம் அந்தப் பொறுப்புக்கு உன்னைவிடத் தகுந்தவள் கிடையாது, அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேண்டாம் என்று சொல்லி அந்தக் குரலை அணைக்க எனக்கு மனசு வரவில்லை. போ என்று சொல்லவும் வாய் வரவில்லை. இரண்டையும் எழுதிவிட்டேன். விழுந்த விஷயத்தில் நீ என்னை எப்படித் திட்டினாலும் சரி. ஆனால் அந்தப் பயத்தில் மட்டும் முடிவெடுக்காதே. உன் அப்பாவை இனி நான் மறக்க மாட்டேன்.

மேலதிகாரி அம்மா இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார். டெலிபோன் அடிக்கிறது.

உன்,
வீட்டுக்காரன்

*

சனிக்கிழமை, காலை

அன்புள்ளவளுக்கு,

புதன்கிழமை நீ பேசியதிலிருந்து மூன்று நாளாக எழுத நினைத்து இன்றைக்குத்தான் முடிந்தது.

மகள் அன்றைக்கே ஆஸ்பத்திரி நடைவழியிலிருந்து உனக்குச் சொல்லிவிட்டாள் என்று நீ சொன்னாய். குளியலறைக் கதையை நீ தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறாய். அந்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் என்னோடு பேசினாயே, குரலில் ஒன்றும் காட்டவில்லையே. "நீங்களே சொல்றீங்களான்னு பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றாய். கடிதம் வராமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இப்போதும் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் முடியாது, ஒரு வருஷம்தான் என்று அவர்களிடம் பேசிக் கையெழுத்துப் போட்டுவிட்டாய். சரி என்று அன்றைக்கு உடனே சொன்னேன். உண்மையில் அடுத்த இரண்டு நாளும் சரியாக இல்லை. அலுவலகத்திலிருந்து நேரே கால்வாய்க்குப் போய், சாயங்கால வெளிச்சம் தீரும்வரை வேகவேகமாக நடந்தேன். மனசுக்குள் உன்னோடு சண்டை போட்டேன். உன் பதிலையும் நானே சொல்லிக்கொண்டேன். எல்லாச் சண்டையிலும் நீதான் ஜெயித்தாய். இன்றைக்குப் பரவாயில்லை. நாளைக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது.

உன் அப்பாவுக்குக் கட்டு அடுத்த வாரம் பிரிக்கிறார்கள். மெக்கானிக்கிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தேன். மெஷினின் ஒரு கால் குட்டையாம். திருகி உயர்த்தினார், இரண்டு நிமிஷ வேலை. இப்போது நின்ற இடத்திலேயே நிற்கிறது. மகள் தன் கைக்காசில் மஞ்சளும் சிவப்பும் வாங்கி வந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் படிக்கப் போனாள்.

குளிர் இன்னும் சில வாரம்தான் இருக்கும் என்கிறார்கள். அதற்குள் ஒரு படம் போட வேண்டும் என்று இருக்கிறது. காகிதத்தை ஒட்டி வைத்துவிட்டேன், ஆரம்பிக்க முடியவில்லை. நீ தங்கியிருக்கிற அறையை எனக்குத் தெரியாது. இரண்டு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கட்டில் எந்தச் சுவரோரம் இருக்கிறது? ஜன்னல் ஒன்றா இரண்டா? வேலை முடிந்து வந்து நீ எங்கே உட்காருவாய்? அப்போது வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வரும், முகத்திலா, முதுகிலா? பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரு தாளில் கோடு போட்டு அனுப்பு. கோணலாக இருந்தாலும் நான் புரிந்துகொள்வேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். நன்றாகச் சாப்பிடு. கதவுப் பக்கம் எது என்பதையும் மறக்காமல் குறித்து அனுப்பு.

காத்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்