சக்கரம் நிலத்தில் பட்ட பிறகு

பெப்ரவரி 3, திங்கள்

இத்தாலியில் நாங்கள் பிழைக்கும் சியாகுல்லித் தோட்டப் பாதையில் பிக்கப் இன்றும் அடியில் கல்லை வாங்கியது. சிஞ்ஞோரா எமிலியானா ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்: வண்டியை உயர்த்து, இல்லாவிட்டால் மண்டரின் தோடம்பழங்களைத் தலையில் சும. தோட்டமும் வண்டியும் அவருடையவை. ஓட்டுகிறவன் நான்.

கேசினி வேலை செய்யும் கராஜிலேயே செய்யலாம் என்றேன். என் மனைவி என்பதற்காக அல்ல, கைகாரி. ஆனால் கராஜ் முதலாளி ஏர்னஸ்ற் அண்ணை, அவள் இறுக்கும் ஒவ்வொரு நட்டையும் தானும் ஒருக்கால் இறுக்கிப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் சிரிப்பாள்.

பெப்ரவரி 4

அண்ணை சொன்னாராம்: "இந்த வேலையை முழுக்க நீயே செய், பிள்ளை. சரிவந்தால் நிரந்தர கொன்ராத்தோ போடுறன்." அந்த வேலை ஒப்பந்தம் கிடைத்தால், இந்த நாட்டில் தங்க எங்களுக்கு இருக்கும் பெர்மெஸ்ஸோவுக்கும் பயமில்லை. கேசினி இரவு சோற்றைப் பிசைந்தபடி கதைத்துக்கொண்டே இருந்தாள்.

பெப்ரவரி 6, வியாழன்

என்ன பெண் இவள்! அவ்வளவு பெரிய பிக்கப்பைத் தூக்கி, நாலு சக்கரமும் அந்தரத்தில் தொங்க, பழைய ஸ்பிரிங்கை எடுத்தாள். அழுத்திப் பிடித்த ஸ்பிரிங் பொல்லாதது, தவறினால் கை போய்விடும். அவளோ தூங்கும் பிள்ளையின் சட்டையைக் கழற்றுவதுபோல் கழற்றினாள். உயரமான புது ஸ்பிரிங், நீளமான ஷொக் எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன.

ஒன்றரைக்கு இராகுகாலம். அதற்குமுன் கண்ணூறு கழியச் சக்கரத்துக்குக் கீழே தேசிக்காய் நசிக்க வேண்டுமே! "நட்டுகளைக் கெதியா இறுக்கு" என்று உயிரை எடுத்தேன். "வண்டியை இறக்கிப்போட்டுத்தான் இறுக்கோணும்" என்றாள். நான் விட்டால்தானே. தொங்கவிட்டபடியே இறுக்கி, பிறகு இறக்கினாள். அண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்து, "நல்ல இறுக்கம்" என்றார். தேசிக்காய்களும் நசிந்தன.

பெப்ரவரி 7

கேசினி சாப்பிடுகிறாள் இல்லை. கேட்டேன்.

"சக்கரம் தொங்கேக்கை இறுக்கினால், வண்டி இறங்கேக்கை உள்ளுக்கை கிடக்கிற றப்பர் முறுகும். இப்ப தெரியாது. கொஞ்ச மாசத்திலை கிழியும்."

"ஒருத்தருக்கும் தெரியாதே?"

"எனக்குத் தெரியுமே."

சொல்லப் போகிறாளாம். சொன்னால் கொன்ராத்தோ? — அந்தத் தேசிக்காயை என் தலையில் நசித்திருக்க வேண்டும்.

பெப்ரவரி 11, செவ்வாய்

சொல்லிவிட்டாள். சிஞ்ஞோராவுக்கு இத்தாலியனில், அண்ணைக்குத் தமிழில். "என்ரை பிழை, அண்ணை. அவிழ்த்துத் திருப்பி இறுக்கித் தாறன்." என் பெயரை எடுக்கவேயில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவளை நினைக்கப் பெருமையாகவும் இருந்தது. அண்ணை உள்ளே போனார்.

வண்டி நிலத்தில் நின்றது. அவள் அடியில் புகுந்து எல்லாவற்றையும் தளர்த்தினாள். என்னைப் பின்னால் ஏறிக் குதிக்கச் சொன்னாள். றப்பர் தன் இடத்துக்கு வரவேண்டுமாம். குதித்தேன். பிறகு இறுக்கினாள். அப்போது சரியான இராகுகாலம். நான் வாயே திறக்கவில்லை.

பெப்ரவரி 12

கொன்ராத்தோ பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை.

மார்ச் 1, சனி

பிக்கப் நிறையப் பழப்பெட்டிகளுடன் அதே கல்லின் மேலாகவே வந்தேன். தட்டவில்லை.

திரும்பும்போது கேசினியைக் கூட்டிவர கராஜுக்குப் போனேன். ஒரு ஜீப்பை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். ஜீப்காரன் காத்து நின்றான். அண்ணை வண்டிப் பக்கமே போகாமல் சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "நட்டு ஒண்டும் பாக்கேல்லையோ, அண்ணை?"

"ஏன்? கேசினிதானே இறுக்கினவ" என்றார்.