நான்காக வெட்டிய கொலைப் புத்தகம்

மார்ச் 3, ஞாயிறு

இன்று ஒரு புத்தகத்தை நான்காக வெட்டினோம். இது மகாபாவம் என்றார் வாத்தியார். கொலைப் புத்தகம்தானே, தகும் என்று பார்லர் அக்கா பிளேடை எடுத்துவிட்டார்.

வேறென்ன செய்வது? இருப்பது ஒரே பிரதி, நாங்களோ நான்கு பேர். யார் முதலில் படிப்பது என்று போன வாரம் போட்ட சண்டையில், முடி வெட்ட வந்த அம்மா ஒருவர் பாதித் தலையோடு எழுந்து ஓடப் பார்த்தார். அதனால் இந்த ஏற்பாடு. ஆளுக்கு ஒரு பாகம். ஞாயிறுதோறும் பார்லரின் பின்னறையில் கூடிக் கைமாற்றிக்கொள்ள வேண்டும். நான் படித்தது பார்லர் அக்காவுக்கு, அக்கா படித்தது வாத்தியாருக்கு, வாத்தியார் படித்தது வேன் டிரைவர் அண்ணனுக்கு, அண்ணன் படித்தது எனக்கு.

அக்காவுக்கு முதல் பாகம், எனக்கு இரண்டாவது, அண்ணனுக்கு மூன்றாவது. கணக்கு டியூஷன் எடுக்கிற வாத்தியாருக்குக் கடைசிப் பாகம். கொலைகாரன் யார் என்று இந்த வாரமே அவருக்குத் தெரிந்துவிடும். வாயைத் திறந்தால் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம்.

உண்மையில் நடந்த ஒரு வழக்கு. எழுதியவர் காவல்துறையில் வேலை பார்த்த மனநல நிபுணர். ஆளைப் பார்க்காமலே, அவன் விட்டுப்போன அறையை மட்டும் பார்த்து, ‘முப்பது வயது, தனியாக இருப்பவன், யாரோடும் ஒட்டாதவன்’ என்று சொல்லிவிடுகிறார். எனக்கொன்றும் இது பெரிய வித்தையாகத் தெரியவில்லை. லேபில் ரத்தம் எடுக்கிறவள் நான். ஊசியைப் பார்த்ததும் கையை நீட்டுகிற தோரணையிலேயே ஆள் எப்படி என்று சொல்லிவிடுவேன்.

மார்ச் 6, புதன்

இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டேன். முதல் பாகம் படிக்காததால் செத்தது யார் என்றே தெரியாது, ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று ரேடியோவிடம் போனேன்.

ரேடியோ என் நாத்தனார். இவர்தான் தன் தங்கைக்கு அந்தப் பெயரை வைத்தார். அப்படிப் பேசுவாள். பல் தேய்க்கும்போதும் பேசுவாள். நான் கல்யாணமாகி வந்த புதிதில், பாத்திரம் கழுவிக்கொண்டே நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுச் சிரித்ததில் எத்தனை டம்ளர் உடைந்திருக்கும்! இப்போது அவள் கல்யாணம் முறிந்து இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. ‘ம்.’ ‘சரி.’ ‘வேணாம் அண்ணி.’ அவ்வளவுதான். மற்றபடி கிணற்றில் போட்ட கல்.

இன்றும் அதேதான். கதையைச் சொன்னேன், “ம்” என்றாள், துணி மடித்தாள். இவரிடம் சொன்னால், தானாகப் பேசுவாள் விடு என்கிறார். எப்போது? எனக்கு அவள் வாய் வேண்டும். சண்டை போட்டாலும் பரவாயில்லை.

மார்ச் 12, செவ்வாய்

மூன்றாம் பாகம். ஆளைப் பிடித்தேவிட்டார்கள்! தனி வீட்டுக்காரன், யாரோடும் பேசமாட்டான், ஜன்னல் எப்போதும் மூடியே இருக்குமாம். நிபுணர் சொன்னது அத்தனையும் அப்படியே பொருந்துகிறது. ஜன்னல் என்றதுமே நான் நினைத்தேன்.

மார்ச் 17, ஞாயிறு

பார்லரில் இன்று ஒரே கலவரம். நான் கொடுத்த இரண்டாம் பாகத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்கள் என்று அக்கா கொண்டுவந்து காட்டினார். நிபுணர் அடித்துச் சொல்கிற இடங்களில் எல்லாம் ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்வி: ‘எப்படித் தெரியும்?’ பக்கத்துக்குப் பக்கம் விடாமல் கேட்டிருக்கிறார்கள்.

நான் எழுதவில்லை. நான் படிக்கும்போது அது இல்லவும் இல்லை. வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. சரி, நிபுணர் வழியிலேயே ஆளைப் பிடித்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். ஆண்தான் என்றார் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர் என்றார் வாத்தியார். எழுத்தின் அழுத்தத்தைப் பார்த்து, கோபக்காரர், ஓய்வுபெற்ற போலீஸ்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொன்னேன். பார்லர் சாவியை வைத்திருக்கிற கட்டட வாட்ச்மேன் மேல் எல்லோருக்கும் சந்தேகம்.

டிரைவர் அண்ணன் மட்டும் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இவருக்குப் பேச ஆள் இல்ல போல. அதான் புத்தகத்தோட பேசுறாரு” என்றார். உங்களுக்கு எப்போதும் சென்டிமென்ட்தான் அண்ணே என்று கேலி செய்தோம். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

மார்ச் 20, புதன்

கடைசிப் பாகம். அவன் இல்லை! ஜன்னல்காரன் கொலை செய்யவே இல்லை. செய்தது ஊரே கொண்டாடிய சிரித்த முகத்துக்காரன். அந்த ஜன்னல்காரனை விடுதலை செய்துவிட்டார்களாம், இரண்டு வரியில் முடித்துவிட்டார் நிபுணர். இனி வாத்தியாரின் தெனாவட்டைச் சமாளித்துக்கொள்ளலாம்.

மார்ச் 24, ஞாயிறு

கணக்கு வாத்தியார் கணக்குப் போட்டுவிட்டார். பென்சில் எழுத்து இருப்பது இரண்டிலும் மூன்றிலும். நான் இன்று கொண்டுபோன நாலாவதைப் பிரித்தால் அதிலும் இருக்கிறது. முதல் பாகம் மட்டும் சுத்தம். நான் இன்னும் தொடாத ஒரே பாகம் அதுதான்.

“வேற எங்கயும் தேடாதீங்க. ஆள் உங்க வீட்டுலதான்” என்றார். வாட்ச்மேனுக்கு மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.

நாலாம் பாகத்தில் ஒரே இடத்தில்தான் எழுத்து. அந்த இரண்டு வரிக்குப் பக்கத்தில். ‘அப்புறம் அவர் வீட்டுக்குப் போனாரா? யாராவது அவரோட பேசினாங்களா?’

எனக்கு ஏனோ அங்கே உட்கார முடியவில்லை. வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன். நானா, கரண்ட் பில்லைத் தவிர எதையாவது நான் படித்துப் பார்த்திருக்கிறாயா என்றார். அதுவும் நியாயம்தான்.

அப்படியானால்... அவளா? புத்தகம் என்றாலே கொட்டாவி விடுகிறவள் ஆயிற்றே!

மார்ச் 26, செவ்வாய்

லேபில் கரண்ட் இல்லை, சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்தால், வாஷிங் மெஷின் எப்போதோ நின்றுபோய்க் கிடக்கிறது. பக்கத்தில் தரையில் ரேடியோ. மடியில் முதல் பாகம், காதில் பென்சில். என்னைப் பார்த்ததும் திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி எழுந்து நின்றாள்.

ஓய்வுபெற்ற போலீஸ்காரராம்! ஐம்பது வயதாம்! வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். கையை நீட்டினால் ஆளைச் சொல்லிவிடுவேனாம், பெரிய இவள் நான். ஒரே கூரைக்கு அடியில் இருப்பவளைத் தெரியவில்லை.

நானும் தரையிலேயே உட்கார்ந்தேன். திட்டுவேன் என்று நினைத்திருப்பாள். ஏன் அந்தக் கேள்வியையே திரும்பத் திரும்ப எழுதினாய் என்று மட்டும் கேட்டேன். வழக்கம்போல ‘ம்’ வரும் என்றுதான் இருந்தேன்.

“ஒரு ரூமப் பாத்துட்டு ஆள் எப்படின்னு சொல்லிடுறாரு அண்ணி. அங்க எங்க வீட்டுக்குப் பஞ்சாயத்துப் பேச வந்தவங்களும் அப்படித்தான். கழுவாத நாலு பாத்திரத்தப் பாத்தாங்க, நான் எப்படிப்பட்டவள்னு முடிவு பண்ணிட்டாங்க. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். அத யாருமே கேக்கல.”

நானும் கேட்கவில்லையே. எட்டு மாதமாகக் கதை சொல்லியிருக்கிறேன், சாப்பிடு என்றிருக்கிறேன், மனசைத் தேற்றிக்கொள் என்றிருக்கிறேன். என்ன நடந்தது என்று ஒரு தடவை கேட்டேனா? அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். மெஷினுக்குள் துணி நாற ஆரம்பித்துவிட்டது, மறுபடி போட்டோம்.

பார்லரில் அவளைப் பற்றி நாங்கள் கண்டுபிடித்ததை எல்லாம் சொன்னேன். ஆண், ஐம்பது வயது, கோபக்காரர், போலீஸ்.

“மீசை இருக்குன்னு சொல்லலையா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்தாள்! விக்கல் வருகிற அளவுக்கு, அந்தப் பழைய சிரிப்பு.

டிரைவர் அண்ணன் சொன்னதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. நாங்கள் சொன்னதில் சரியாக இருந்தது அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை என்னோடு வருகிறாயா என்று கேட்டேன். “பாக்கலாம்” என்றாள். புது வார்த்தை.

மார்ச் 30, சனி

வருவாளா? கேட்கப் பயமாக இருக்கிறது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. இவரைக் கேட்கச் சொன்னேன், நழுவிவிட்டார்.

மார்ச் 31, ஞாயிறு

வந்தாள். இஸ்திரி போட்ட சட்டையோடு எனக்கு முன்னால் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள்.

ஆனால் பின்னறைக்குள் போனதும் பழையபடி ஊமை. டிரைவர் அண்ணன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இதுவா அந்த ரிட்டயர்டு போலீஸ் என்று அக்கா அவள் கன்னத்தைத் தட்டினார். எல்லாவற்றுக்கும் “ம்”. அவசரப்பட்டுக் கூட்டிவந்துவிட்டோமோ, இருந்ததும் போய்விடுமோ என்று பயந்தேன்.

புத்தகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். நிபுணரையும் குறை சொல்ல முடியாது என்றார் அக்கா. அந்த ஆள் மட்டும் எல்லோரையும் போல ஜன்னலைத் திறந்து வைத்து நாலு பேரோடு பேசியிருந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

“ஜன்னல மூடி வெச்சா குத்தமாக்கா?”

எல்லோரும் திரும்பினோம். அதற்குப் பிறகு எங்களுக்கு வாயைத் திறக்க இடமே கிடைக்கவில்லை. ஒருவன் ஜன்னலை மூட நூறு காரணம் இருக்கும், கதவைத் தட்டிக் கேட்டது யார் என்றாள். இரண்டு வரிக்கு மேல் எழுத அந்த நிபுணருக்கு ஏன் கை வரவில்லை என்றாள். வாத்தியார் நடுவில் புள்ளிவிவரம் சொல்லப் பார்த்தார், அவரை உட்கார வைத்தாள். அக்கா விடவில்லை, இவளும் விடவில்லை, குரல் பார்லர் முழுக்கக் கேட்டது. முகத்தில் ஃபேஸ்பேக் பூசிக்கொண்டு படுத்திருந்த பெண்மணி எழுந்து வந்து, அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார்.

கடைசியில் அக்காவே, நான் சொன்னது தப்புதான்டி என்று ஒத்துக்கொண்டு டீ வரவழைத்தார். நான் என் டீயையும் அவளிடமே கொடுத்துவிட்டேன். அத்தனை சந்தோஷம்.

ஏப்ரல் 13, சனி

லேபில் காலையிலிருந்து நிற்க நேரமில்லாத கூட்டம். மத்தியானம் வந்து கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று படுத்தேன். ரேடியோ வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். இன்டர்வியூவுக்குப் போன ஆபீஸில் என்ன கேட்டார்கள், இவள் என்ன சொன்னாள், அங்கே லிப்ட் நடுவில் நின்றுபோனது, உள்ளே இருந்தவர்கள் யார் யார், ஒருவர் விடாமல் சொன்னாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

“தூங்கிட்டீங்களா அண்ணி?”

“தூங்கிட்டேன்.”

“சரி, அப்ப இதக் கேளுங்க” என்று காலை மடித்து வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.