அப்பாவின் பீட்ரூட்

9-8-1974, வெள்ளி

சர்க்கரைக்கு பீட்ரூட் நல்லது என்று கம்பெனியில் யாரோ சொன்னதிலிருந்து அப்பாவுக்குத் தினமும் அந்தப் பொரியல்தான். அதைச் சாக்கிட்டு இரண்டு மடங்கு சோறு.

சாயங்காலம் சர்க்கரை பார்க்க அவர் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினேன். நீலமாகவே நிற்க வேண்டியது செங்கல் நிறமாகிவிட்டது. சர்க்கரை ஏறிக் கிடக்கிறது. காட்டினால் சிரிக்கிறார்.

“பீட்ரூட்டு துன்னா செவக்காம பச்சையாவா வரும்? போ புள்ள!”

“அதானே!” என்று அம்மா இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

மருந்தில் விடும் முன் சிறுநீர் மஞ்சளாகத்தானே இருந்தது? அப்பாவின் கால் புண் ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டும் என்று குமணன்சாவடி டாக்டர் சொன்னது இவர்கள் காதில் விழவே இல்லையா?

நாளைக்குச் சமையல் நான். வெறும் முள்ளங்கிதான். அப்போதும் சிவந்தால் எதன் மேல் பழி போடுகிறார், பார்க்கிறேன்.