துடைத்த பிலிம்

2-3-1958, ஞாயிறு

இடைவேளையில் காட்டும் விளக்கெண்ணெய் விளம்பர சிலைடு முடித்தேன். கண்ணாடியில் பாட்டிலையே எத்தனை தடவைதான் வரைவது!

காலையில் பிரெஞ்சு சினிமா கிளப்காரர்கள் நம் கொட்டகையில் படம் போட்டார்கள். கடைசியில் ஒரு சின்ன ரீல். கதை கிடையாது, ஆள் கிடையாது. பியானோ ஏற ஏற மஞ்சள் கோடு மேலே ஓடுகிறது. மேளத்தில் அடி விழுந்தால் சிவப்புப் பொட்டுகள் குதிக்கின்றன. பிலிமிலேயே எவனோ கையால் சாயம் பூசியிருக்கிறான். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். "என்னாய்யா, பிலிமு கெட்டுப்போச்சா?" என்று ஒருவர் கேட்டார். எனக்கோ உடம்பு சிலிர்த்துவிட்டது. இதே சாயத்தைத்தானே இத்தனை வருஷமாகப் பாட்டிலுக்குப் பூசுகிறேன்?

ஆப்பரேட்டர் காசிலிங்கம் என் தங்கை பச்சையம்மாளைக் கட்டியவன். அவனிடம் கெஞ்சினேன். "நாளைக்கி உனக்காவ ஒரு தபா ஓட்டறேன் மச்சான். அப்பறம் பெட்டி கப்பலுக்குப் போயிடும்" என்றான்.

3-3-1958

பாவி!

ஓட்டுமுன் எந்த ரீலையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது அவன் பழக்கம். நேற்று கிளப்காரர்கள் கடைசி நேரத்தில் கொடுத்ததால் தப்பித்தது. இன்று துடைத்துவிட்டான். "ஒரே பிசுக்கா இருந்துச்சி மச்சான். நீ ஆசையா பாக்கறியேன்னு நல்லா அழுத்தித் தொடச்சேன்." துணி பூராவும் மஞ்சளும் சிவப்பும். நடுவில் பெரிய பகுதி மொட்டை. ஓரத்தில் அச்சான இசை மட்டும் மிச்சம்.

கிளப் செயலாளர் இராமதாஸ், பிரெஞ்சு மரியாதையில் எல்லோருக்கும் முசே, கொட்டகை முதலாளியிடம் சொன்னால் இவன் வேலை போச்சு. பச்சையம்மாள் வந்து அழுதாள். எனக்கு வேறு துக்கம். அதை இனி எங்கே பார்ப்பேன்?

மதியம் மொட்டைப் பகுதியை ஓட்டச் சொன்னேன். வெள்ளைத் திரை, இசை மட்டும். திரும்பத் திரும்பக் கேட்டேன். பிறகு சிலைடு சாயத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். பார்த்ததைப் பூசுகிறேனா, நானாகப் பூசுகிறேனா? தெரியவில்லை. கை நிற்கவில்லை.

4-3-1958

முசேயிடம் நானே சொன்னேன். காசிலிங்கம் தூணுக்குப் பின்னால் நின்றான்.

"அறிவிருக்காய்யா உங்களுக்கு? ஒருத்தனோட கைவேல அது!" என்று கத்தினார். நான் பூசியதைப் போட்டுக் காட்டினோம். முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

"இதுல பச்சையே கெடையாது. உன்னுதுல பச்ச வருது" என்றார். மானம் போயிற்று.

அப்புறம், "இன்னொரு தபா போடு."

முதலாளி காதுக்குப் போகாதாம். படம் எடுத்தவனுக்கு மட்டும் உள்ளதை எழுதிவிடுவாராம். பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

14-9-1958, ஞாயிறு

பாரிசிலிருந்து பதில் வந்ததாம். பக்கம் பக்கமாகத் திட்டு. ஆனால் நான் பூசிய பச்சையை மட்டும் படம் எடுத்தவன் அழிக்கப்போவதில்லையாம்.

சாயங்காலம் கொட்டகைப் பின்பக்கம் போனேன். நான் புதிதாகச் சாயம் பூசுவதற்காகக் காசிலிங்கம் கிழிந்த பழைய டிரெய்லர் பிலிமை வெந்நீரில் ஊறப்போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், இவ்ளோ போதுமா?"

"போதாது. நல்லா அழுத்தித் தொடச்சிடு" என்றேன்.