காற்று வராத நாள்

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று பொழுது சாயும்வரை நான் நடக்கவும் இல்லை, சர்க்கரை மாத்திரை போடவும் இல்லை, கால் புண்ணுக்கு மருந்து வைக்கவும் இல்லை. வரும் திங்கட்கிழமைக்குள் புண் ஆறத் தொடங்காவிட்டால் பெருவிரலை எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

செய்ய வேண்டியதை நானே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். இந்த வயதில் எழுத்துப் படித்து, யாரிடமும் கேட்காமல் எழுதிய முதல் தாள் அது. பார்க்கப் பார்க்கச் சந்தோஷம். ஆனால் கடலுக்குப் போன காலத்தில் நான் மணி பார்த்ததே இல்லை; காலையில் ஓயும் கரைக்காற்றும் மதியம் எழும்பும் கடல்காற்றும்தான் எனக்குக் கடிகாரம். அந்தப் பழக்கத்தில், ‘கரைக்காற்று நின்றதும் நடக்க வேண்டும், கடல்காற்று எழும்பியதும் மாத்திரை போட்டு மருந்து வைக்க வேண்டும்’ என்று எழுதிவிட்டேன். நான்கு நாள் ஒழுங்காக நடந்தது. இன்று விடிந்ததிலிருந்து ஓர் இலைகூட அசையவில்லை. வாசலில் உட்கார்ந்து காத்திருந்தே பகல் போய்விட்டது.

“சோத்துக்கு மட்டும் காத்து வேண்டாமாக்கும்!” என்றாள் மனைவி சூசையம்மாள். “விரலு போன பொறவு எந்தக் காத்து வந்து என்னத்துக்கு? மணியப் பாத்து எழுதுங்க.”

ஆசையாக எழுதிய வரிகளை அடித்துவிட்டு, ‘காலை ஆறு மணி’, ‘மதியம் இரண்டு மணி’ என்று எழுதினேன்.

மாத்திரையைப் போட்டுவிட்டு, மருந்து வைக்க இப்போதுதான் கட்டை அவிழ்த்தேன். புண்ணின்மேல் எறும்புகள். கண்ணால் பார்த்த பிறகுதான் தெரிந்தது. விரலில் ஒன்றும் உறைக்கவே இல்லை. சூசையம்மாளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.